எழும்பூர் கிர்க்கில் ஒரு கல்யாணம்... பாட்டி பார்க்காத நட்சத்திரங்கள்!

உள்ளே நுழைந்ததும் எனக்கு வந்த முதல் பயம், 'அய்யய்யோ, இங்கே மூலையே இல்லையே!' என்பதுதான்.

கல்யாணத்தில் கேமராவும் கையுமாக நிற்பவர்களுக்கு மூலை ரொம்ப முக்கியம். சுவரோடு ஒட்டிக்கொண்டால் யார் கண்ணையும் உறுத்தாமல் படம் எடுக்கலாம். பையை வைக்கலாம், லென்ஸ் மாற்றலாம், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. கிழக்கிலும் மேற்கிலும் செவ்வகமாக நீண்டாலும், ஜனங்கள் உட்காரும் நடு இடம் வட்டம். குறுக்களவு 81 அடிக்குச் சற்று மேல். எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சென்னைக்காரர்களுக்கு இதைச் சுருக்கமாக 'கிர்க்' என்றால்தான் தெரியும். ஸ்காட்லாந்துப் பேச்சில் கிர்க் என்றால் தேவாலயம். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோபுரம் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்குமே, அதேதான். நான் நூறு முறையாவது அதைக் கடந்து போயிருப்பேன். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. போக வைத்தது என் கல்லூரித் தோழியின் கல்யாணம்.

"ஈவினிங் ரிசப்ஷனுக்குத்தான் மாப்பிள்ளை வீட்டுல போட்டோ டீம் சொல்லியிருக்காங்க. காலையில சர்ச்சுல நீதான்டி எடுக்கணும்" என்றாள். பணப் பிரச்னை பாதி, என் மேலுள்ள நம்பிக்கை பாதி. "எனக்கு நியூஸ் போட்டோதான்டி தெரியும், கல்யாணம் எடுத்ததில்லையே" என்றேன். "மறியலே எடுக்கிற, மணவறை எடுக்க மாட்டியா?" என்றாள். டெஸ்க்கில் லீவு கேட்டபோது, "ஒரு ஸ்டோரியோட வா" என்று அனுப்பிவைத்தார்கள். இதோ, வந்துவிட்டேன்.

தோழி ஒரே ஒரு படத்தைத்தான் குறிப்பாகக் கேட்டாள். அதைச் சொல்வதற்கு முன்னால் அவளுடைய பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாட்டிக்கும் இதே தேவாலயத்தில்தான் கல்யாணம். வருஷம் 1969. தாத்தா ரயில்வேயில் வேலை. மாப்பிள்ளை வீட்டார் இந்தச் சபை என்பதால் கல்யாணம் இங்கே. பாட்டி அன்றைக்குத்தான் இந்தக் கட்டடத்தை முதன்முதலாகப் பார்க்கிறார். மறுவாரமே தாத்தாவோடு ஜோலார்பேட்டைக்குப் போனவர், வாழ்க்கை முழுக்க அங்கேதான். அந்தக் கல்யாணத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு படம். ஸ்டுடியோக்காரர் கொண்டுவந்தது ஒரு ரோல், மொத்தம் 12 படம். உள்ளே இருட்டு என்பதால் எல்லாமே வாசல் தூண்களுக்கு முன்னால் எடுத்தவை. வீடு மாறி, ஊர் மாறி, மழையில் நனைந்து, கடைசியில் தங்கியது ஒன்று. அதிலும் பாட்டி தலையைக் குனிந்திருக்கிறார். வகிடுதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

"அந்தக் காலத்துல பொண்ணு நிமிர்ந்தா, 'பாருடி, எப்படி முழிக்குது'ன்னு பேசுவாங்கம்மா. எங்க அம்மா வண்டியிலயே சொல்லிட்டாங்க, தரையைப் பார்த்துட்டே நடன்னு. நான் நடந்தேன்" என்றார் பாட்டி, கல்யாணத்துக்கு முந்தின நாள்.

அதனால் பாட்டிக்கு அந்தத் தேவாலயத்தின் தரை மட்டும் மனப்பாடம். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போட்ட பளிங்குத் தரை. "நான் கறுப்புக் கட்டத்துல நின்னேன், அவர் வெள்ளைக் கட்டத்துல. புது ஷூ. நடக்கும்போது கிறீச் கிறீச்னு சத்தம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அதனாலயும் நிமிரலை" என்றார்.

மேலே என்ன இருந்தது என்று தாத்தா சொல்லித்தான் பாட்டிக்குத் தெரியும். அதை வைத்தே தாத்தா பல வருஷம் கிண்டல் செய்திருக்கிறார்: "உன் தலைக்கு மேல வானம், நட்சத்திரம் எல்லாம் இருந்துச்சு. நீ என் ஷூவைப் பார்த்துட்டு இருந்தே."

அவர் சொன்னது உண்மை. வட்டத்தின் நடுவே 16 தூண்கள் வளையமாக நின்று ஒரு கும்மட்டத்தைத் தாங்குகின்றன. கும்மட்டத்தின் உட்பக்கம் முழுக்க ஆழ்ந்த நீலம். அதன் மேல் பொன் நிறத்தில் நட்சத்திரங்கள். ஸ்காட்லாந்து வானத்தில் தெரிவதைப்போலவே நட்சத்திரங்களை வரைந்திருக்கிறார்கள் என்று சொல்வதுண்டு. அது நிஜமோ இல்லையோ, ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் தலைக்கு மேலே தங்கள் ஊர் வானத்தை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருப்பார்கள் என்பதை என்னால் நம்ப முடிகிறது. நானே திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் எங்கள் ஊர் ஆற்றின் படத்தை ஒட்டி வைத்திருப்பவள்தான்.

இதைக் கட்டியவர் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர். மேஜர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர். ஆள் கொஞ்சம் பிடிவாதக்காரர் போலிருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தபோது, நடுவில் தாங்குதூணே இல்லாமல் சுமார் 100 அடிக்குச் செங்கல்லால் ஒரு வளைவு கட்டிக் காட்டியவர். அது 100 வருஷத்துக்கு மேல் நின்றது. கிர்க்குக்கு அடிக்கல் நாட்டியது 1818-ல். வழிபாடு தொடங்கியது 1821-ல். கம்பெனியில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக எழுந்த கட்டடம் இது.

லண்டனில் செயின்ட் மார்ட்டின்-இன்-தி-ஃபீல்ட்ஸ் என்று புகழ்பெற்ற தேவாலயம் ஒன்று உண்டு. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் போட்டுக் கொடுத்தது வட்டமான ஒரு வரைபடத்தை. செலவு அதிகம் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். கிப்ஸ் அதைத் தன் புத்தகத்தில் அச்சிட்டு வைத்தார். லண்டன் வேண்டாம் என்று தள்ளிய அந்த வட்டத்தின் சாயலில்தான் எழும்பூர்த் தேவாலயம் நிற்கிறது.

நிற்பது என்பதும் இங்கே சாதாரண விஷயமில்லை. கூவம் பக்கத்தில் இருப்பதால் மண் இளகல். அதன் மேல் சுமார் 166 அடிக் கோபுரத்தையும், குறுக்களவு 51 அடிக்கு மேலுள்ள கும்மட்டத்தையும் எப்படி ஏற்றுவது? கிணறு கிணறாக இறக்கினார்கள். 14 அடியிலிருந்து 50 அடி ஆழம் வரை கிணறுகள். அவற்றின் மேல்தான் இத்தனை கனமும் உட்கார்ந்திருக்கிறது. நாம் சதுரங்கத் தரையில் செருப்புச் சத்தம் கேட்க நடக்கும்போது காலுக்குக் கீழே இருப்பவை அந்தக் கிணறுகள். இதைத் தோழியின் தம்பியிடம் சொன்னேன். அவன் மெதுவாக நடக்க ஆரம்பித்துவிட்டான்.

சரி, கல்யாண நாளுக்கு வருகிறேன்.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்து முடித்து, காலை 10 மணிக்கு ஆராதனை. நான் 8 மணிக்கே போய்விட்டேன். நல்ல வேளை. ஏனென்றால் வெளிச்சத்தைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. வாசல் மேற்குப் பக்கம். அதனால் காலையில் முகப்புத் தூண்கள் நிழலில் இருக்கும். முகத்தில் கடும் வெயில் விழாமல் மெத்தென்ற வெளிச்சம். குடும்பப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. உள்ளே நேர் எதிர். தூண்களும் சுவரும் வெள்ளை. சங்கு, கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குவது பழைய மெட்ராஸின் கைவேலை. பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் வெள்ளையில் பட்டுத் தெறிக்க, மேலே கும்மட்டம் மட்டும் நீல இருட்டில். தூணுக்கு வெளிச்சம் சரிசெய்தால் நட்சத்திரம் மறைகிறது. நட்சத்திரத்துக்குச் சரிசெய்தால் தூண் வெளுத்து, சந்தன நிறப் பட்டில் வரும் மணப்பெண்ணும் அதோடு கரைந்துவிடுவாள்.

தோழி கேட்ட படம் இதுதான்: "பாட்டி மாதிரி நான் தலை குனிய மாட்டேன். தாலி கட்டும்போது நான் மேலே பார்க்கணும், நட்சத்திரமும் என் முகமும் ஒரே படத்துல வரணும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு நான் அவள் காலடியில் படுத்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஆராதனை நடத்த வந்த போதகர் ஐயா, நான் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்: "ஃபிளாஷ் வேண்டாம்மா. ஜெபம் நடக்கும்போது நடமாட்டம் வேண்டாம். பலிபீடத்துப் பக்கம் ஏறி வராதீங்க. இது ஆராதனை, ஷூட்டிங் இல்ல." கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். படுப்பதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

மூலை இல்லாத கவலைக்கும் விடை கிடைத்தது. தூண் வளையத்துக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே சுமார் 15 அடி அகலத்துக்குச் சுற்றுவழி மாதிரி இடம் இருக்கிறது. ஒவ்வொரு தூணும் ஆள் மறையும் பருமன். ஒரு தூணின் பின்னால் நின்று எடு, அடுத்த தூணுக்கு நழுவு. மூலை இல்லாவிட்டால் என்ன, 16 தூண் இருக்கிறதே! ஒரே தொல்லை, வட்டத்தில் எந்தப் பக்கம் குறிபார்த்தாலும் எதிர்ப்பக்கத்து உறவினர்கள் படத்துக்குள் வந்துவிடுவார்கள். மோதிரம் போடும் படத்தில் பின்னால் ஒரு சித்தப்பா வாய் பிளந்து கொட்டாவி விடுகிறார். நான்கு படத்திலும் அதே கொட்டாவி. இத்தனைக்கும் அவர் மணப்பெண்ணுக்கு ரொம்ப வேண்டியவர்.

இன்னொன்றும் அன்று கற்றுக்கொண்டேன். கும்மட்டத்தின் கீழே சத்தம் போன வழியே போகாது, சுற்றும். ஆர்கன் வாசிக்கும்போது அது சுகம். பாடல் குழு பாடும்போது முதுகுத்தண்டு சிலிர்க்கிறது. ஆனால், நான் இரவல் வாங்கிப் போயிருந்த கேமரா பழசு. ஜெபத்தின் நடுவே 'டக்' என்று ஒருமுறை அழுத்தினேன். எனக்கே துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது. மூன்றாவது வரிசை அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பிறகு அந்த நேரம் வந்தது. போதகர் தாலியை வைத்து ஜெபித்து, மாப்பிள்ளை கையில் கொடுத்தார். நான் சரியான தூணுக்கு அருகில், சரியான உயரத்தில், வெளிச்சம் எல்லாம் சரிபார்த்துக் காத்திருந்தேன். தோழி முகத்தை உயர்த்த ஆரம்பித்தாள். அப்போது எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கறுப்புப் பலகை எழுந்தது.

டேப்லெட். தோழியின் மாமா. இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார். நான் வலப்பக்கம் சாய்ந்தேன், அவரும் சாய்ந்தார். இடப்பக்கம் போனால் தூண். "மாமா" என்று கூப்பிட முடியாது. கூப்பிட்டால் அந்தக் கும்மட்டம் அதை ஊருக்கே சொல்லிவிடும். மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. கைதட்டல். மாமா டேப்லெட்டை இறக்கினார். திரும்பி என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

வேலை தெரிந்தவர் யாராக இருந்தாலும் தாலி கட்டுவதற்கு முன்பே முன்வரிசைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருப்பார். எனக்கு அது தோன்றவில்லை. தப்பு என்னுடையதுதான். என்னிடம் இருப்பது, சுற்றிலும் எல்லாம் மங்கலாக இருக்க, நடுவில் டேப்லெட் திரை மட்டும் துல்லியமாகத் தெரியும் ஒரு படம். அந்தத் திரைக்குள் மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். நட்சத்திரம் எதுவும் இல்லை.

பதிவேட்டில் கையெழுத்து, வாசலில் குடும்பப் படம், தோழர்கள் படம், ஆபீஸ் நண்பர்கள் படம் என்று ஒரு மணி நேரம் ஓடியது. முகப்பில் இருக்கும் 12 பெரிய தூண்களில் 1969-ல் தாத்தாவும் பாட்டியும் நின்றது எதன் முன்னால் என்று பழைய படத்தை வைத்துக்கொண்டு தேடினோம். எல்லாத் தூணும் ஒரே மாதிரி இருந்ததால் ஆளுக்கு ஒன்றைக் காட்டினார்கள். பாட்டி ஒன்றைத் தொட்டு, "இதுதான்" என்றார். யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் பிரியாணியை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தோழியிடம் தாலி விஷயத்தைச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு வேலை சொன்னாள். "எல்லாரும் சாப்பாட்டுக்குக் கிளம்புறாங்க. பூட்டுறதுக்கு முன்னால பாட்டியை ஒருதடவை உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டிடேன். வரும்போதே கேட்டுட்டு இருந்தாங்க."

இதில் ஒரு சிக்கல். பாட்டிக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். காலர் போட்டிருக்கிறார். தலையை நேராக வைப்பதே பாடு, அண்ணாந்து பார்ப்பது நடக்காத காரியம். உள்ளே மெதுவாக நடத்திக் கூட்டிவந்தேன். வட்டத்தின் நடுவில் நின்று கண்ணை மட்டும் மேலே உருட்டினார். தூணின் தலைப்பு வரை தெரிந்திருக்கும். அதற்கு மேல் போகவில்லை.

"நல்லா இருந்த காலத்துல நிமிர்ந்து பார்க்கலை. பார்க்கணும்னு வந்தா கழுத்து நிமிரலை. விடும்மா" என்றார். வருத்தப்பட்ட மாதிரிகூடத் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ கட்டத்தை எண்ண ஆரம்பித்தார்.

முதலில், கும்மட்டத்தைப் படம் எடுத்துக் காட்டலாம் என்று நினைத்தேன். காட்டினேன். "ம்ம், நல்லா இருக்கு" என்றார், வாட்ஸ்அப்பில் வரும் பூங்கொத்துப் படத்துக்குச் சொல்வதைப்போல. அதோடு விட்டிருக்கலாம். அப்போதுதான் வாசலில் மாமா டேப்லெட்டில் தாலி கட்டும் வீடியோவை யாருக்கோ போட்டுக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கேட்டேன். காலையில் என் எதிரியாக இருந்த மனிதர், மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார்.

முன்பக்க கேமராவைத் திறந்து, டேப்லெட்டைத் தரையில் மல்லாக்க வைத்தேன். "பாட்டி, குனிஞ்சு பாருங்க" என்றேன்.

குனிவதற்குப் பாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரையில் முதலில் அவருடைய முகம். முகத்துக்குப் பின்னால் நீலம். நீலம் முழுக்க நட்சத்திரம். அவர் கொஞ்சம் அசைந்தால் நட்சத்திரமும் அசைந்தது. ஒரு காலை நகர்த்தி, தடியை மாற்றிப் பிடித்து, திரும்பவும் பார்த்தார். கேமராவில் வேறு யாரோ அவரோடு ஒளிந்து விளையாடுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தார். நான் எதுவும் பேசவில்லை. கேமராவைக்கூட எடுக்கவில்லை, அந்தச் சத்தம் வேண்டாம் என்று தோன்றியது.

"மனுஷன் பொய் சொல்லலை" என்றார் கடைசியில்.

பிறகு, "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைம்மா. அது வெள்ளை. நான் நின்னது கறுப்புல" என்றார்.

டேப்லெட்டைக் கறுப்புக் கட்டத்துக்கு நகர்த்தினேன். 10 விநாடி டைமர் வைத்து, நான் படத்துக்குள் வந்துவிடாமல் தூணின் பின்னால் ஓடிப்போய் நின்றேன். அன்றைக்கு நான் பதுங்கிய கடைசித் தூண் அது.

தாலிப் படம் இல்லை என்பதை மறுநாள்தான் தோழியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மாமா வீடியோவிலிருந்து எடுக்க முடியுமா?" என்று கேட்டாள். எடுத்தேன். சுமாராக இருந்தது. டேப்லெட்டுக்குள் கல்யாணம் நடக்கும் படத்தையும் அனுப்பினேன். அதற்கு ஒரு சிரிப்பு ஸ்மைலி, ஒரு அழுகை ஸ்மைலி. எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இனி யாராவது என்னைக் கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டால், முந்தின நாளே முன்வரிசை மாமாக்களின் பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன்.

கிர்க்கைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஆராதனை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். உள்ளே படம் எடுப்பதற்கு முன்னால் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வளைந்த மர இருக்கைகளில், பிரம்பு பின்னிய இடத்தில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தால் கும்மட்டம் நன்றாகத் தெரியும். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போனால் பெரிய திரையுள்ள போனாக எடுத்துப் போங்கள்.

நான் எடுத்த 600 படங்களையும் தோழியின் வீட்டு டிவியில் பாட்டிக்குப் போட்டுக் காட்டினார்களாம். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். டேப்லெட் படம் வந்ததும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கீழிருந்து எடுத்ததால் முதலில் தெரிவது தாடை, அடுத்தது கழுத்துக் காலர், அதற்கும் மேல் மூக்குக்கண்ணாடி. சுற்றிலும் நட்சத்திரம். படம் எடுப்பவர்கள் யாருமே ஒரு மனிதரை எடுக்கக் கூடாத கோணம்.

இரவு போனில் கூப்பிட்டார். "மூக்கு பெருசா விழுந்திருக்கும்மா" என்றார். "சாரி பாட்டி" என்றேன்.

"பரவாயில்லை. அதையே பெரிசா பிரிண்ட் போட்டுக் குடு. தாத்தா படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்."